பிழைக்காத பச்சிளங்குழந்தை: செவிலியர் சொல் அம்பலம் ஏறுமா?

புதுதில்லி: பிறந்து 28 நாள்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம், 2020-ம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஆயிரத்துக்கு 20. இதை 2030-க்குள் ஒற்றை இலக்கமாகக் குறைக்க 2014-ல் மத்திய அரசு உறுதி பூண்டது. நாடெங்கும் 900-க்கும் அதிகமான பச்சிளங்குழந்தை சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகளும் ஏற்பட்டுவிட்டன. ஆனால், பிழைக்க வழியில்லாத குழந்தைக்கு என்ன செய்வது? இக்கேள்வியை இரவுப் பணியில் தனித்து எதிர்கொள்பவர் செவிலியர்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பது கைகழுவி விடுவதன்று. வலியைப் போக்குவது, பயனற்ற ஊசிகளை நிறுத்துவது, உடற்சூட்டைக் காப்பது, தாயின் மார்பில் கிடத்துவது ஆகியவையே அது. செவிலியர்கள் இதற்கு எதிரானவர்கள் அல்லர். அவர்களது மனப்பான்மையை அளக்க ஆஸ்திரேலிய ஆய்வாளர் விக்டோரியா கெயின் குழுவினர் 2009-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். கருத்துச் சொல்ல இடமின்மை, பயிற்சிக் குறைவு, வார்டின் அமைப்பு, கருவிகள் இருப்பதாலேயே சிகிச்சையைத் தொடரும் போக்கு, பெற்றோரின் வற்புறுத்தல் ஆகியவை தடைகளாகத் தெரியவந்தன. நம் அரசு மருத்துவமனைகளில் இவற்றோடு நெரிசலும் சேர்ந்துகொள்கிறது.

சட்டமும் துணை நிற்கவில்லை. கண்ணியமான மரணம் குறித்து உச்ச நீதிமன்றம் 2018-ல் அளித்து, 2023-ல் எளிமைப்படுத்திய தீர்ப்பில், முன்கூட்டிய விருப்ப ஆவணம் வயதுவந்தோருக்கு மட்டுமே. ஆவணம் இல்லாதோருக்கான இரு குழுக்களிலும் மருத்துவர்களே உறுப்பினர்கள். இத்தனைக்கும், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்த அருணா ஷான்பாக் வழக்கில், அவரைப் பல்லாண்டுகள் பராமரித்த செவிலியர் உள்ளிட்ட ஊழியர்களின் கருத்துக்கே 2011-ல் அதே நீதிமன்றம் மதிப்பளித்தது.

மார்பின் கதையும் இதுவே. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடி 2014-ல் தளர்த்தப்பட்டது. கெடுபிடிக் காலத்து அச்சம் மட்டும் வார்டுகளை விட்டு முற்றிலும் அகலவில்லை.

தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பெற்றோரை உள்ளே அனுமதித்து, குழந்தையைப் பராமரிக்கச் செவிலியர்களே கற்றுத்தந்தனர். இம்முறையை நாடு முழுவதற்கும் விரிவாக்க, 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் அவை தேறிவரும் குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இறக்கும் குழந்தையின் தாய்க்கு நள்ளிரவில் கதவைத் திறப்பதா என்பது, பல இடங்களில் அன்று பணியில் இருக்கும் செவிலியரின் துணிச்சலைப் பொறுத்ததாகவே இருக்கிறது.