ஸ்டாக்ஸ் மீண்டும் பாடியது

நம் நாமக்கல் மாவட்டத்துக்கு எதிரே, காவிரியின் மறுகரைக் கொடுமுடியில் பிறந்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவர் பாட்டின் உயிர் பக்தி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசையும் தேவாலயப் பாட்டில் வேர்விட்டதுதான்.

அந்த இசைக்குப் பேர்போன இசைத்தட்டு நிறுவனம், மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ். ஓடிஸ் ரெட்டிங் என்ற மகத்தான பாடகரை உலகுக்குத் தந்த இடம் அது! கடன் சுமையால் 1975-இல் திவாலானது. கான்கார்ட் நிறுவனம் 2007-இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் பாடகி ஏஞ்சி ஸ்டோனின் 'தி ஆர்ட் ஆஃப் லவ் அண்ட் வார்' ஆல்பம் ஸ்டாக்ஸ் பெயரில் வெளிவந்தது. சிறுவயதில் தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல் அவருடையது. 2025 மார்ச்சில் சாலை விபத்தில் மறைந்தார்.

அந்த ஆல்பத்தில், பெட்டி ரைட்டுடன் அவர் பாடிய 'பேபி' பாடலை அவசியம் கேளுங்கள்.