பாத்திரம் அறிந்து சமை
திருமலை மண்சட்டி முதல் பீர் கொப்பரை வரை, சுவையைத் தீர்மானிப்பதில் பாத்திரத்துக்கும் பங்கு உண்டு

திருமலை வேங்கடவனுக்குத் தங்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் குலசேகரன் படியைத் தாண்டிக் கருவறைக்குள் போகும் நைவேத்தியம், புது மண்சட்டியின் உடைந்த பாதியில் வைத்த தயிர்சாதம்தான். மண்பூவால் அர்ச்சித்த குயவர் குறும்பறுத்த நம்பியின் பக்தி, தொண்டைமான் மன்னனின் பொற்பூவை வென்றது என்பது அங்கு வழங்கும் கதை.

ரசாயனமும் மண்ணின் பக்கம்தான். தயிரில் லாக்டிக் அமிலம், புளியோதரையில் டார்டாரிக் அமிலம். சுட்ட மண் இவற்றைச் சீண்டாது. தாமிரமும் பித்தளையும் அப்படியல்ல. பூச்சில்லாத பித்தளையில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறும். நாக்கில் கசப்பு, வயிற்றில் குமட்டல். அதனால்தான் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளீயம் பூசினார்கள்.

மலை மேல் மதுவுக்குத் தடை. ஆனால் பீர் தயாரிப்பவர்களுக்கும் இதே தலைவலிதான், ஏனென்றால் பீரும் புளிப்புள்ள பானமே. ஐரோப்பியர்கள் நெடுங்காலம் தாமிரக் கொப்பரையில்தான் அதைக் காய்ச்சினார்கள். தாமிரம் சூட்டைச் சீராகப் பரப்பும். அழுகிய முட்டை வாடை தரும் கந்தகச் சேர்மங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே தாமிரம் காய்ச்சி முடித்த பீரில் கலந்தால், பீர் சீக்கிரமே பழசாகிவிடும். இரும்பு கலந்தாலோ ரத்த வாடை!

தீர்வு எவர்சில்வர். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய குரோமியம் கலந்த எஃகு இதன் முன்னோடிகளில் ஒன்று. குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிந்து அமிலத்தைத் தடுக்கிறது. இன்றைய பீர் ஆலைகளில் பெரும்பாலும் எஃகுதான். ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கி வாலைகள் மட்டும் இன்னும் தாமிரத்தை விடவில்லை. காரணம், அதே கந்தக வாடை.

எவர்சில்வர் வந்ததும் நம் தெருக்களில் ஈயம் பூசுகிறவரின் குரல் ஓய்ந்தது. மிஞ்சியது ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது பாட்டிமார் விதி.

இப்போது கவலை வேறு. வெள்ளீயத்தைவிடக் காரீயம் பல மடங்கு மலிவு. கலப்படத்துக்கு இது போதும். கலப்படச் சொம்பில் புளி கொதித்தால் காரீயம் ரசத்தில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சோதனைச் சான்று இல்லாத சொம்பை அடுப்பில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. பித்தளைக் களிம்பை நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். காரீயத்தைக் காட்டிக் கொடுக்காது.