உப்பளக் கரையிலிருந்து செஞ்சி மலைவரை

விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா எல்லா இல்லங்களிலும் எழுகின்றது. உதகையும் கொடைக்கானலும் உடனே நினைவுக்கு வருகின்றன. ஆனால், கடலையும் உப்பளத்தையும் மலையையும், அவற்றோடு இரு கோட்டைகளையும் ஒரே நாளில் காட்டும் வழியொன்று நமக்கு அருகிலேயே உள்ளது. கடப்பாக்கத்தில் தொடங்கி எக்கியார்குப்பம், மரக்காணம், திண்டிவனம் வழியே செஞ்சியில் முடியும் வழி அது. வாருங்கள், சென்று வருவோம்.

சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்படுவது நலம். சென்னையிலிருந்து புதுவை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடப்பாக்கத்தில் கடலை நோக்கித் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை நம்மை எதிர்கொள்ளும். ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்ட கோட்டை இது. ஒரு காலத்தில் இங்கே நாணயச்சாலையும் இருந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1760-இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றித் தகர்த்தனர். எஞ்சிய சுவர்களையும் 2004-ஆம் ஆண்டின் சுனாமி சிதைத்தது. இடிபாடுகளின் மீது பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். இருப்பதையேனும் காப்பது நம் கடமை.

தெற்கே வந்தால் மரக்காணத்தை ஒட்டிய மீனவக் கிராமமான எக்கியார்குப்பம். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதுதான் நாடு இவ்வூரின் பெயரை அறிந்தது. உழைத்துக் களைத்தவனின் வீட்டு விளக்கை மது எவ்வாறு அணைக்கின்றது என்பதை வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே சொல்லலாம். ஆனால் அம்மக்களின் துயரத்தை வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்த வேண்டாம்.

அடுத்து மரக்காணத்து உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர்நீர் வெயிலில் வற்ற, உப்பு பூக்கின்றது. தொழிலாளர்கள் அதனை வாரிக் குவிக்கின்றனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். ஆகவே கோடையில் வருவோரே வெண்ணிறக் குவியல்களைக் காண்பர். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அருகிலுள்ள கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இனி மேற்கே திரும்புவோம். திண்டிவனத்தைக் கடந்ததும் நிலத்தின் தோற்றம் மாறுகின்றது. யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற பாறைக் குன்றுகள் இருமருங்கும் எழுகின்றன. மரக்காணத்திலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி முதலிய குன்றுகளை மதிலால் இணைத்த பெருங்கோட்டை. 1677-இல் சிவாஜியும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயரும் இதனைக் கைக்கொண்டனர். 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. ராஜகிரியின் உச்சிக்கு ஏற ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். தண்ணீரின்றி ஏறாதீர்கள். முதியோர் கீழ்க்கோட்டையிலுள்ள கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் கண்டு மனநிறைவு கொள்ளலாம்.

கீழ்க்கோட்டையில் ஒரு பள்ளிவாசலும் உண்டு. நவாப் சஆதத்துல்லா கான் தம் வெற்றிக்குப் பின் எழுப்பியது அது. 1714-இல் கப்பப் பாக்கியின் பொருட்டு அவரை எதிர்த்துப் போரிட்டு மடிந்தவன் இளம் மன்னன் தேசிங்கு. அவனுக்குத் தோள்கொடுத்து உயிரீந்த நண்பனோ மகபத்கான் என்னும் முஸ்லிம் வீரன். தன் திருமணத்தை விட்டு ஓடி வந்தான் என்கின்றது நாட்டுப்புறக் கதை. நவாபும் முஸ்லிம், நவாபை எதிர்த்து மடிந்த தோழனும் முஸ்லிம்! அன்று நடந்தது கப்பத்துக்கான போரேயன்றி, மதத்துக்கான போர் அன்று. அரசர்களின் சண்டைகளையெல்லாம் மதச் சண்டைகளாகத் திரித்துப் பேசுவோர் மிகுந்துவிட்ட இக்காலத்தில், நம் பிள்ளைகள் செஞ்சியில் நின்று இதனைக் கேட்பது பெரும் பயன் தரும்.

1750-இலேயே செஞ்சியும் பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது. 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நவாபும் இல்லை, பிரெஞ்சுக்காரரும் இல்லை, ஆங்கிலேயரும் இல்லை. கடலோரத்தில் உப்பு வாரும் கைகள் மட்டும் ஓயவில்லை. ஆட்சிகள் கைமாறும், உழைப்பும் நட்பும் நிலைக்கும். வீடு திரும்பும் வழியில் பிள்ளைகளிடம் இதனை எடுத்துச் சொல்லுங்கள்.