உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸ் திரைக்குப் பின்னால்...

● லினக்ஸ் கணினியை ஆன் செய்ததும், சில சமயம் திரையின் மேல் ஓரத்தில் குட்டிப் பென்குயின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது தலைக்கணக்கு! லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கண்ணில் பட்ட ஒவ்வொரு பிராசஸர் கோருக்கும் ஒரு பென்குயின். இப்போதெல்லாம் உபுண்டு போன்றவை தங்கள் லோகோவைப் போட்டு அவற்றை மறைத்துவிடுகின்றன. பாவம், பென்குயின்கள்.

● 1990களில் லினக்ஸில் ஜன்னலும் ஐகானும் பார்க்க வேண்டுமென்றால், எக்ஸ்ஃப்ரீ86 என்ற மென்பொருள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். மானிட்டரின் கிடைமட்ட வேகம் எத்தனை கிலோஹெர்ட்ஸ்? செங்குத்து வேகம் எத்தனை ஹெர்ட்ஸ்? கிராஃபிக்ஸ் கார்டில் மெமரி எவ்வளவு? வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னால் மானிட்டரே பழுதாகலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கும். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் 14 அங்குல டப்பாவுக்கு மேனுவல் கிடையாது. குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டேன். உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்கிய வேகத்தில் நான் வேறு எதையும் செய்ததில்லை.

● அந்தக் கேள்விகள் இன்று ஏன் இல்லை? மானிட்டர் தன் ஜாதகத்தைத் தானே வைத்திருக்கிறது. ஈ.டி.ஐ.டி. என்று பெயர். அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். தயாரித்த நிறுவனத்துக்கு மூன்றெழுத்துக் குறியீடு, திரையின் நீள அகலம், எந்தெந்த ரெசல்யூஷன் தாங்கும் என்ற விவரம் எல்லாம் அதற்குள் அடக்கம். பெரும்பாலான மானிட்டர்களில் அது தயாரான வாரமும் வருடமும்கூட இருக்கும். வருடத்துக்கு ஒரே பைட், 1990இலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். 25 என்றிருந்தால் 2015. "ரெண்டு வருஷம்தான் சார் ஓடியிருக்கு" என்று விற்பவர் சத்தியம் செய்தால், லினக்ஸ் லேப்டாப்பில் சொருகி ஜாதகத்தைப் படித்துப் பாருங்கள்.

● அந்த ஜாதகம் கணினிக்கு வந்து சேராவிட்டால்? புத்தம் புது மானிட்டரிலும் 1024க்கு 768தான் வரும். மானிட்டர் வாயைத் திறக்காதபோது கெர்னல் பயந்து பயந்து போய் நிற்கும் எல்லை அது. உடனே "டிரைவர் சரியில்லை" என்று எல்லாவற்றையும் அழித்து இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுகிறோம். முதலில் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பழைய நீலத் தலை விஜிஏ கேபிளில் 15 பின்கள். ஜாதகம் பயணிப்பது 12ஆம் பின்னிலும் 15ஆம் பின்னிலும். இதில் ஒன்று மடங்கினாலும் படம் பளிச்சென்று வரும், ஜாதகம் மட்டும் வராது. ஒரே மானிட்டரை இரண்டு கணினிக்குப் பங்கு போட்டுத் தரும் மலிவு சுவிட்ச் பெட்டிகளும் இதே வேலையைச் செய்யும்.

● 1366க்கு 768 என்பது ஒரு காலத்தில் பெரும்பாலான லேப்டாப்களில் இருந்த அளவு. ஆனால் 1366ஐ எட்டால் வகுத்தால் மீதி 6 வருகிறது. ஈ.டி.ஐ.டி.யின் ஒரு பகுதி அகலத்தை எட்டின் மடங்காக மட்டுமே எழுதும். லினக்ஸில் திரைக் கணக்குப் போட்டுத் தரும் சிவிடி என்ற கட்டளையும் அப்படித்தான், நீங்கள் 1366 கேட்டால் அது 1368 தரும். சில டிவிகளில் எழுத்துகள் லேசாக மசமசவென்று தெரிவதற்கு இந்த வகுபடாத எண்ணும் ஒரு காரணம்.

● ஸ்டான்ஃபோர்டில் வி என்று ஓர் இயங்குதளம் இருந்தது. அதற்கான ஜன்னல் அமைப்புக்கு அடுத்த எழுத்தான டபிள்யூ. 1984இல் எம்ஐடி அதிலிருந்து ஒன்றைச் செய்தபோது, அதற்கும் அடுத்த எழுத்தான எக்ஸ். எக்ஸின் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. அதன் இடத்தைப் பிடிக்க 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கியது வேலேண்ட். மாசச்சூசெட்ஸில் அவர் காரில் கடந்துபோன ஊரின் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், மறுபடி டபிள்யூவில் வந்து நிற்கிறது!

● புது கிராஃபிக்ஸ் கார்டு, லினக்ஸ் இன்ஸ்டால், ரீஸ்டார்ட், கும்மிருட்டு. பதற வேண்டாம். கணினி துவங்கும்போது வரும் கிரப் மெனுவில் ஆங்கில 'இ' விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் துவக்குங்கள். திரையைத் தானே அமைக்கும் பொறுப்பைக் கெர்னல் 2009 முதல் ஏற்றுக்கொண்டது. "இப்போதைக்கு அந்த வேலை உனக்கு வேண்டாம்" என்று சொல்வதுதான் இந்தச் சொல். பயாஸ் கொடுத்த சாதாரணத் திரையோடு கணினி எழுந்து நிற்கும். இது காலொடிந்தவனுக்குக் கொடுக்கும் ஊன்றுகோல் மட்டுமே. நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டு, "யூடியூப் திக்குகிறது" என்று புலம்புபவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

● என்விடியா கார்டுகளுக்கு வெளியார் கூடி எழுதிய திறந்தமூல டிரைவரின் பெயர் நுவோ. பிரெஞ்சில் 'புதிய' என்று பொருள். தொடங்கியவர் அரட்டையில் 'என்வி' என்று தட்டும்போதெல்லாம் மென்பொருள் அதைத் தானாக 'நுவோ' என்று நிரப்பியதாம், அதுவே நிலைத்துவிட்டது. நிறுவனம் கைகொடுக்காததால், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்தே எழுதினார்கள். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒருவர் என்விடியா பற்றிக் கேட்டபோது, லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். ஏறக்குறையப் பத்து வருடம் கழித்து, 2022 மே மாதம், என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. மேல் பகுதி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

● என்விடியாவின் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை வந்து, பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்கிறதா? அது கோளாறு இல்லை. செக்யூர் பூட் காவல்காரர் புது ஆளைப் பற்றி உங்களிடம் சாட்சி கேட்கிறார். இன்ஸ்டால் செய்தபோது நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கொடுத்தால் உள்ளே விடுவார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் பத்து விநாடியில் கதவு சாத்தப்படும், டிரைவர் வேலை செய்யாது.

● கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் வெளி டிரைவரை அதற்கேற்ப மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ், 2003இல் டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதியது.

● லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் நுட்பத்துக்கு என்விடியா ஆப்டிமஸ் என்று பெயர் வைத்தது. லினக்ஸில் அதைச் சமாளிக்க வந்த திட்டத்துக்கு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில் ஆப்டிமஸின் தோழனான பம்பிள்பீயின் பெயர். 2011இல் அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், ஒரு ஃபோல்டரை அழிக்கச் சொல்லும் வரியில், 'யுஎஸ்ஆர்' என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி தெரியாமல் விழுந்திருந்தது. டிரைவரின் ஒரு மூலையை அழிக்க வேண்டிய கட்டளை, நிரல்கள் அத்தனையும் குடியிருக்கும் யுஎஸ்ஆர் ஃபோல்டரையே சுத்தமாகத் துடைத்துவிட்டது. பிறகு வந்த திருத்தத்தில் செய்தது, அந்த இடைவெளியை அழித்ததுதான்.