குலெப்ரா: ஒரு சிறுதீவும் அதன் மக்களும்

ஒரு நிலத்தை ஆராயப் புகுவோர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்துக் காணுதல் தமிழ் மரபு. நம் நெய்தலுக்கு வகுத்த அம்முறையைப் பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள கரீபியன் தீவொன்றுக்குப் பொருத்துதல் மிகை என்று தமிழாசிரியப் பெருமக்கள் கருதினால் பொறுத்தருள்க. நிலத்தைப் பற்றிப் பேசும்போது மக்களை மறவாதிருக்க அம்முறை நமக்குத் துணை செய்கின்றது. குலெப்ராவின் வரலாற்றில் அம்மறதி ஒருமுறை நிகழவிருந்தது.

புவேர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவில் குலெப்ரா அமைந்துள்ளது. நீளம் சுமார் 11 கிலோமீட்டர். அகலம் 5 கிலோமீட்டர். சுற்றிலும் இருபதுக்கு மேற்பட்ட குறுந்தீவுகள். ஸ்பானிய மொழியில் 'குலெப்ரா' என்பதற்குப் பாம்பு என்பது பொருள். தீவின் உயர்ந்த இடமாகிய ரெசாகா மலை 200 மீட்டரையும் எட்டவில்லை. மழைமேகங்களைத் தடுத்து நிறுத்த அவ்வுயரம் போதாது. ஆதலின் வெப்பமண்டலத் தீவு என்றதும் நம் கண்முன் எழும் அடர்ந்த மழைக்காட்டையோ அருவியையோ இங்குக் காண இயலாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. காணப்படுவன வறண்ட குன்றும் முட்புதருமே. முன்னாளில் கூரைநீரைத் தொட்டிகளில் தேக்கிப் பருகினர். இந்நாளில் பெருந்தீவின் நீர் கடலடிக் குழாய் வழியே வியேக்கஸ் தீவைக் கடந்து இங்கு வந்து சேர்கின்றது.

நிலம் வறியதாயினும் கடல் வளமுடையது. பவளப்பாறைகள் தீவைச் சூழ்ந்துள்ளன. என்செனாடா ஒண்டா என்னும் ஆழ்ந்த விரிகுடா தீவின் நடுவரை உட்புகுந்து, புயற்காலத்தில் படகுகளுக்குப் புகலிடமாகின்றது. அதன் கரைகளில் கண்டற்காடுகள் உள்ளன. ஓட்டுக்கு மாறாகத் தோல் போர்த்த முதுகினையுடைய தோணியாமைகள் ரெசாகா, பிராவா என்னும் கடற்கரைகளில் முட்டையிட வருகின்றன. ஆலா என்னும் கடற்பறவைகள் பிளமெங்கோ முனையில் பெருந்திரளாகக் கூடு கட்டுகின்றன. இங்கு வாழ்ந்த பெரிய ஓணான் இனமொன்று 1931இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று; 1932க்குப் பின் அது பிடிபடவே இல்லை.

இனி மக்கள். 1880இல் ஸ்பானிய ஆட்சியில் குடியேற்றம் முறையாக நிறுவப்பட்டது. ஊருக்குச் சான் இல்டெபோன்சோ எனப் பெயரிட்டனர். 1898இல் புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்கர் கைக்கு மாறியது. சில ஆண்டுகளுக்குள் கடற்படை இத்தீவைத் தனக்கு வேண்டிற்று. ஊர் இருந்த இடத்தை விட்டு மக்கள் சார்தினா கரைக்குப் பெயர்ந்தனர். புதிய ஊருக்கு ஸ்பானியரைக் கடற்போரில் வென்ற தளபதி டூயியின் பெயர் இடப்பட்டது. ஊரார் அதனை இன்றளவும் 'புவெப்ளோ', அதாவது 'ஊர்' என்றே வழங்குகின்றனர். நமக்கு இது மிகவும் சுவையாகப் பட்டது. 1909இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தீவின் ஒரு பகுதியைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தார். அதே தீவில் பீரங்கிப் பயிற்சியும் நடந்தது. 1939 முதல் குண்டுவீச்சுப் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. பறவைக்குக் காப்பும் பறவைக்கு மேல் குண்டும் ஒரே அரசின் ஏற்பாடுகள்!

நகராட்சி என்னும் சொல்லை இங்குச் சற்றே விளக்குதல் வேண்டும். நம் நாட்டில் அச்சொல் பெருந்தொகை மக்கள் வாழும் நகரைக் குறிக்கும். புவேர்ட்டோ ரிக்கோவிலோ நாடு முழுவதும் 78 நகராட்சிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. காடும் கரையும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் தேர்தலில் வந்த மேயர் உண்டு. 1917இல் குலெப்ரா தனி நகராட்சியாயிற்று. மக்கள்தொகையில் அனைத்தினும் சிறியது அதுவே. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி 1,792 பேர். இத்துணைச் சிறிய ஊருக்குத் தனி ஆட்சி எதற்கு என்று வினவலாம்.

அதற்கு விடை 1961இல் கிடைத்தது. குலெப்ரா, வியேக்கஸ் ஆகிய இரு தீவுகளையும் முழுமையாகக் கையகப்படுத்தி, மக்கள் அனைவரையும் வெளியேற்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறை திட்டமிட்டது. கல்லறைகளைக் காண மக்கள் மீண்டும் வரலாகாது என்பதற்காக, இறந்தோரின் உடல்களையும் தோண்டி எடுத்துச் செல்ல எண்ணினர். அதனால் அத்திட்டத்தை 'டிராகுலா திட்டம்' என அழைத்தனர். ஆனால் 1952ஆம் ஆண்டின் புவேர்ட்டோ ரிக்கோ அரசியலமைப்பில் ஒரு விதி இருந்தது. ஒரு நகராட்சியைக் கலைக்கும் சட்டம், அந்நகராட்சியின் வாக்காளருள் வாக்களிப்போரில் பெரும்பான்மையினர் ஒப்பினாலன்றிச் செல்லாது. ஆளுநர் லூயிஸ் முனோஸ் மரின் தம் எதிர்ப்பைக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு எழுதினார், திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தீவில் வாழ்வோர்க்கு அன்றும் வாக்கில்லை, இன்றும் இல்லை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

எனினும் குண்டுவீச்சு ஓயவில்லை. 1970இல் தீவில் எஞ்சியிருந்தோர் எண்ணூறு பேருக்கும் குறைவு. பிழைப்பு நாடிப் பலர் அண்டையிலுள்ள வர்ஜின் தீவுகளுக்குச் சென்றிருந்தனர். அச்சிறு கூட்டம் மேயர் ராமோன் பெலிசியானோவின் தலைமையில் எதிர்த்து நின்றது. 1971இல் பயிற்சிக் களமாகிய பிளமெங்கோ கடற்கரையிலேயே போராட்டக்காரர் ஒரு வழிபாட்டுக் கூடம் எழுப்பினர். விடுதலைக் கட்சித் தலைவர் ரூபன் பெரியோஸ் உள்ளிட்டோர் சிறை புகுந்தனர். 1975இல் கடற்படை பயிற்சியை நிறுத்திற்று. ஆனால் அதன் சுமை வியேக்கஸ் மக்கள்மீது ஏறி, 2003 வரை நீடித்தது. ஒரு தீவின் வெற்றி மறுதீவின் துயராயிற்று. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை இங்கு நினைக்கின்றோம்.

இன்று பிளமெங்கோவின் வெண்மணலில் துருவேறிய போர்த்தாங்கிகள் கிடக்கின்றன. வந்து போவோர் அவற்றின்மேல் வண்ணம் தீட்டியுள்ளனர். வெடிக்காத குண்டுகளைத் தேடி அகற்றும் பணி நெடுங்காலமாக நடந்துவருகின்றது. 1999இல் லூயிஸ் பெஞா கால்வாய் மீன்பிடித்தல் இல்லாக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதனை முன்மொழிந்தோர் உள்ளூர் மீனவர்களே. தம் கடலில் தாமே வலை வீசாதிருக்க ஒப்பிய அவர்களின் செயலைப் போராட்டத்திற்கு இணையாகவே நாம் மதிக்கின்றோம்.

2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்னும் இரு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கின. இன்று தீவின் வாழ்வு பெரிதும் சுற்றுலாவைச் சார்ந்துள்ளது. உணவுப்பொருளும் எரிபொருளும் பெருந்தீவிலிருந்தே வர வேண்டும். பெரிய மருத்துவத்துக்கும் கடல் கடந்தாக வேண்டும். முன்னர் பகார்தோ துறையிலிருந்து வந்த பயணிகள் கப்பல் 2018 முதல் சேய்பா துறையிலிருந்து புறப்படுகின்றது. அது வராத நாளில் கடைத்தட்டுகள் வெறுமையாகின்றன.