கூடாரத் திடலும் விருந்தினரின் பூர்வோத்தரமும்

கோடை பிறந்ததும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெடுஞ்சாலைகளிலே கூடாரமும் சமையற் சாமான்களும் ஏற்றிய மோட்டார் வண்டிகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். 1962 ஆம் ஆண்டிலே சியாற்றில் நகரத்தில் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது, அதனைக் காணச் சென்ற குடும்பங்களுக்கென மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் என்னும் ஊரில், யெல்லோஸ்ரோன் ஆற்றங்கரையில் ஒரு கூடாரத் திடல் திறக்கப்பட்டது. அது வளர்ந்து, நாடெங்கும் கிளைகளையுடைய பெரிய நிறுவனமாயிற்று.

விடுதி அறைக்குச் சுவருண்டு, கதவுண்டு, பூட்டுமுண்டு. கூடாரத்துக்கோ துணியே சுவர். அயலிலே தங்குபவர் யாரென்பது எவருக்கும் தெரியாது. பிள்ளைகள் ஓடி விளையாடுவதும், குளிக்குமிடத்துக்குத் தனியே சென்று வருவதும் அங்கே வழக்கம். ஆகவே, வந்து தங்குவோரின் பூர்வோத்தரத்தை விசாரித்த பின்னரே இடங்கொடுத்தல் வேண்டுமா என்ற வினா திடலின் உரிமையாளர் முன் எழுகின்றது.

இவ்வினாவுக்கு விடை காணுமுன், விருந்தினர் இருவகையினர் என்பதை உணர்தல் வேண்டும். ஓரிரவு தங்கி விடியலில் புறப்படுவோர் ஒரு வகையினர். சக்கரங்கள் பூட்டிய வீட்டு வண்டியோடு வந்து மாதக்கணக்கில் தங்குவோர் மற்றொரு வகையினர். வீட்டு வாடகையைத் தாங்கமாட்டாமல் அவ்வண்டியையே இல்லமாகக் கொண்டவரும் இவர்களுள் உளர். முன்னவருக்கு இடம் மறுக்கப்பட்டால் ஒருநாட் பயணம் கெடும்; பின்னவருக்கோ தலைசாய்க்கும் இடமே இல்லாது போகும்.

பூர்வோத்தர விசாரணை எவ்வாறு நடைபெறுகின்றது? ஒருவருடைய குற்றங்கள் யாவற்றையும் எழுதிவைத்து, எவர் கேட்பினும் காட்டும் ஒற்றைப் பேரேடு அந்நாட்டில் இல்லை. அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாவட்டங்கள் உள்ளன. நீதிமன்றப் பதிவுகள் அவற்றிற் சிதறிக் கிடக்கின்றன. தனியார் நிறுவனங்கள் அவற்றைத் திரட்டி, பெயரையும் பிறந்த திகதியையும் கொண்டு தேடி, கட்டணத்துக்கு அறிக்கை வழங்குகின்றன. பாலியற் குற்றவாளிகளின் பதிவேடு இதனின் வேறானது. மாநிலங்கள் அப்பதிவேட்டை வைத்திருத்தல் வேண்டுமென 1994 ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் விபரங்களைப் பொதுமக்களுக்கு வெளியிடல் வேண்டுமென 1996 ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தன. 2005 ஆம் ஆண்டு முதல் மாநிலப் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேடும் வசதியும் உண்டு. இதற்குக் கட்டணம் இல்லை.

தனியார் அறிக்கையைப் பெறுவோரை 1970 ஆம் ஆண்டின் சட்டமொன்று கட்டுப்படுத்துகின்றது. சட்டம் ஏற்கும் காரணமின்றி அறிக்கை கோருதல் கூடாது. அறிக்கையைக் கொண்டு ஒருவருக்கு இடம் மறுப்பின், அதனை அவருக்கு அறிவித்து, அறிக்கை வழங்கிய நிறுவனத்தின் பெயரையும் கூறவேண்டும். அவர் 60 நாட்களுக்குள் அதன் பிரதியை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்; பிழை உண்டெனக் காட்டினால், நிறுவனம் பொதுவாக 30 நாட்களுக்குள் ஆராய்தல் வேண்டும். மேலும், 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வழிப்போக்கரைத் தங்கவைக்கும் விடுதிகள் இனம், நிறம், மதம், பிறந்த நாடு என்பவற்றைக் காரணங்காட்டி எவரையும் விலக்குதல் ஆகாது. ஆதலால், விசாரணை செய்வதாயின் யாவருக்கும் ஒரேபடித்தாய்ச் செய்தல் வேண்டும். முகத்தைப் பார்த்துச் சிலரை மட்டும் விசாரிப்பது அநீதிக்கே வழிகோலும்.

இம்முறையின் பெருங்குறை பெயரொற்றுமையாகும். 2011 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் மோட்டார் வண்டி வாங்கச் சென்ற ஒருவரின் பெயர், அரசாங்கம் தடைசெய்தோர் பட்டியலிலுள்ள பெயரை ஒத்திருந்தது. முதற்பெயரும் குடும்பப்பெயரும் மட்டுமே ஒப்பிடப்பட்டன. பிறந்த திகதி பார்க்கப்படவில்லை. குற்றமற்ற அம்மனிதருக்கு வண்டியை விற்க வியாபாரி மறுத்தார். அவர் தொடுத்த வழக்கில் அதே நிலையிலிருந்த 8,185 பேர் சேர்க்கப்பட்டனர். 2021 ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம், தவறான அறிக்கை பிறருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே அதற்காக நட்டஈடு கோரும் தகுதி உண்டெனத் தீர்ப்பளித்தது. வண்டிச் சாலையில் நேர்ந்தது கூடாரத் திடலின் வாயிலிலும் நேரலாம்.

ஐரோப்பாவின் வழி வேறு. 1931 ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம், தங்குவோரின் விபரங்களைப் பொலிஸாருக்கு அறிவிக்கும் கடமையை விடுதிக்காரர்மேற் சுமத்தியது. 1990 ஆம் ஆண்டின் செங்கன் உடன்படிக்கை, அயல்நாட்டார் பதிவுப் பத்திரம் நிரப்பவேண்டுமென்ற விதியைக் கூடாரங்களுக்கும் விரித்தது. ஜேர்மனியோ 2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தன் குடிமக்களுக்கு இவ்விடுதிப் பதிவை நீக்கிவிட்டது. அங்கெல்லாம் வினா, “வந்தவர் யார்?” என்பதே; கேட்பது அரசாங்கம். அமெரிக்கத் திடலிலோ, “வந்தவர் முன்னர் என்ன செய்தவர்?” என்று திடலின் உரிமையாளரே வினவுகின்றார். வினா பெரிதாகும்போது பொறுப்பும் பெரிதாகின்றது.

விசாரணை காட்டுவது, அகப்பட்டு ஏட்டில் ஏறிய குற்றத்தை மட்டுமே. குழந்தைகளுக்குத் தீங்கிழைப்போர் பெரும்பாலும் அவர்களுக்கு முன்னரே அறிமுகமானவர் என்பதும் அறியப்பட்ட உண்மை. ஆதலின், ஏடு தூயதென்று பெற்றோர் கண்ணயர்தல் ஆகாது. வெளிச்சமுள்ள பாதைகளும், இராக்காவலும், வண்டி இலக்கப் பதிவும், பெற்றோரின் விழிப்புமே நாளாந்தக் காப்பு.

ஓரிரவு விருந்தினருக்கு அடையாளப் பத்திரமும் வண்டி இலக்கமும் போதுமானவை எனலாம். நெடுநாள் தங்குவோரிடம் முன்னரே கூறி, சம்மதம் பெற்று விசாரித்தல் தகும். குற்றம் உண்டெனக் காணின், அது எத்தகையது, எத்தனை ஆண்டுக்கு முந்தியது, உண்மையில் அவருடையதுதானா என்பவற்றை ஆராய்ந்து, அவர் கூறுவதையும் கேட்டல் வேண்டும். உள்ளே உறங்கும் குழந்தைக்கும், வாயிலில் காத்து நிற்கும் மனிதனுக்கும் ஒருங்கே நீதி செய்யும் வழி அதுவேயாகும்.