ஐந்து டாலர் கச்சேரி

எங்கள் தொழிலில் ஒரு நிகழ்ச்சியின் குணத்தைத் தெரிந்துகொள்ள மேடையைப் பார்க்க வேண்டியதில்லை. யார், யாருக்கு, எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். கோயில் திருவிழாவோ கல்யாண வரவேற்போ, குழு எந்தப் பாட்டைப் பாடும், எத்தனை மணிக்கு முடிக்கும், யார் பேசுவதற்காக நடுவில் நிறுத்தும் என்பதெல்லாம் பணம் கொடுப்பவர் கையில் இருக்கிறது. பல வருஷமாக சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் பார்த்துவருகிறேன். அதனால்தான் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1987 முதல் 2002 வரை இயங்கிய ஃபுகாஸி என்ற பங்க் இசைக்குழுவைப் பற்றித் தெரிய வந்தபோது, பாட்டுக்கு முன்னால் அவர்களுடைய கணக்கு வழக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

டிக்கெட் பெரும்பாலும் ஐந்து டாலர். எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம். மேனேஜர் கிடையாது. டி-ஷர்ட், தொப்பி, போஸ்டர் என்று எதுவும் விற்கமாட்டார்கள். பெரிய இசைக் கம்பெனி எதிலும் சேரவில்லை. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் அமெரிக்கா என்று வெளிநாடுகளிலும் ஆயிரம் நிகழ்ச்சிக்கு மேல் வாசித்திருக்கிறார்கள். இயன் மெக்காய், கீ பிச்சோட்டோ இருவரும் கிட்டாரும் பாட்டும். ஜோ லாலி பேஸ் கிட்டார். பிரெண்டன் கான்ட்டி டிரம்ஸ். கடைசிவரை இந்த நால்வரில் ஒருவரும் மாறவில்லை. குழுக்களோடு பழகியவர்களுக்குத் தெரியும், இதுவே ஒரு சாதனை.

பங்க் என்றால் ஊசிமுள் மாதிரி நிமிர்த்திவிட்ட தலைமுடியும் கிழிந்த சட்டையும்தான் பலருக்கு நினைவு வரும். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பியபோது அந்த வேஷமும் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த விஷயம் எளிமையானது. கிட்டாரில் நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தெரிந்தால் போதும், பாட்டு கட்டலாம், மேடை ஏறலாம், யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். சீக்கிரமே கம்பெனிகள் அதையும் வாங்கி விற்க ஆரம்பித்துவிட்டன. வாஷிங்டன் பிள்ளைகள் அந்த உள்விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அங்கே ராக் இசை நடக்கும் இடங்களெல்லாம் மது விற்கும் கிளப்புகள். கிளப்புக்கு டிக்கெட்டில் வரும் காசைவிட பாரில் வரும் காசு பெரிது. குடிக்கும் வயது வராத பையனையும் பெண்ணையும் உள்ளே விட்டால் கிளப்காரர்களுக்கு லாபமும் இல்லை, சட்டச் சிக்கல் வேறு. பாட்டு கேட்கிற வயதில் இருப்பவர்களுக்குத்தான் கதவு சாத்தியிருந்தது. 1980-ல் மெக்காய் இருந்த டீன் ஐடில்ஸ் என்ற குழு கலிஃபோர்னியாவுக்குப் போனது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மபுஹாய் கார்டன்ஸ் என்ற இடத்தில், இவர்களுக்கு மது கொடுக்கக்கூடாது என்று அடையாளம் தெரிவதற்காகப் புறங்கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். அதே யோசனையை ஊருக்குக் கொண்டுவந்து கிளப்காரர்களிடம் பேசினார்கள்: கையில் குறி போடுங்கள், குடிக்கமாட்டோம், பாட்டு கேட்க மட்டும் விடுங்கள். பிறகு அந்தக் குறி குடி, போதை வேண்டாம் என்று தாங்களாகவே முடிவு செய்த இளைஞர்களின் சின்னமாகவே ஆகிவிட்டது. மெக்காயின் அடுத்த குழுவான மைனர் த்ரெட் 1981-ல் பாடிய ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்ற பாட்டின் பெயரே அந்த வழக்கத்துக்கு உலகம் முழுக்கப் பெயராயிற்று.

டீன் ஐடில்ஸ் அந்த வருஷமே கலைந்துபோனது. நிகழ்ச்சிகளில் வந்த காசை அவர்கள் பங்கு போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார்கள். அறுநூறு டாலர் அளவில் இருந்தது. அதை வைத்து 1980 டிசம்பரில் தங்கள் பாட்டை ஒரு சிறிய ரெக்கார்டாகப் போட்டார்கள். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற அவர்களுடைய சொந்த நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. உறைகளை நண்பர்கள் சேர்ந்து கத்தரித்து, மடித்து, கையாலேயே ஒட்டினார்கள். வாஷிங்டன் பகுதிக் குழுக்களின் பாட்டை மட்டும் வெளியிடுவது, குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் எதுவும் போடாமல் வாய்வார்த்தையிலேயே நடத்துவது என்ற வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. தங்கள் ரெக்கார்டின் விலை இவ்வளவுதான், தபால் செலவும் அதில் அடக்கம் என்று உறையிலேயே அச்சடித்துவிடுவார்கள், கடைக்காரர் ஏற்றி விற்கக் கூடாது என்பதற்காக.

இனி அந்த ஐந்து டாலருக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு 800 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். நாலாயிரம் டாலர் வசூல். மண்டபத்து வாடகை, சவுண்ட் வாடகை, கூட வாசிக்கும் உள்ளூர்க் குழுவுக்குக் கொடுப்பது, வேன் பெட்ரோல். இதெல்லாம் போக மிச்சத்தில்தான் நாலு பேரும் வாழ வேண்டும். விலையைக் கூட்டமாட்டோம் என்று முடிவாகிவிட்டால் செலவைத்தான் குறைக்க முடியும். அதனால் ஊர் ஊராக ஃபோன் போட்டு நிகழ்ச்சி பிடிக்கும் வேலையை மெக்காயே பார்த்தார். பார் வைத்த கிளப் வேண்டாம் என்றால் வேறு இடம் தேட வேண்டும். சர்ச்சின் அடித்தள அறை, காலேஜ் ஜிம்னாசியம், சமுதாயக்கூடம் என்று எங்கெங்கோ வாசித்தார்கள். ஆரம்ப வருஷங்களில் சொந்த வேனில் போய், தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுத்து எழுந்தார்கள். ஹோட்டல், பஸ், மேக்கப் ஆள், லைட்டுக்குத் தனி லாரி எதுவும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே விலை, அதுவும் ஒற்றை நோட்டு. வாசலில் சில்லறை தேடி நிற்கும் நேரமும் மிச்சம்.

இந்த வாழ்க்கையில் சுகம் குறைவு. 1988-ல் ஐரோப்பாவுக்கு நீண்ட பயணம் போனார்கள். அது முடிந்த கையோடு லண்டனில் முழு ஆல்பம் பதிவு செய்வதாகத் திட்டம். உடம்பில் தெம்பு மிச்சமில்லை. ஆறு பாட்டுதான் தேறியது. ‘மார்ஜின் வாக்கர்’ என்ற பெயரில் அடுத்த வருஷம் வெளிவந்தது. பயணத்தில் தேய்ந்த தொண்டையோடு பாடிய பாட்டு என்று தெரிந்து கேட்டால் அதன் முரட்டுத்தனம் வேறு மாதிரி காதில் விழுகிறது.

இப்போது நான் சவுண்ட்காரனாகப் பேசுகிறேன். மெக்காயின் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு கேபிள்தான். ஒலியை மாற்றும் பெடல் எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் போனால் ஊளையிடும், விலகினால் அடங்கும். அதையே அவர் வாத்தியம் மாதிரி கையாண்டார். இன்னொன்று, எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்று எழுதிவைத்த பட்டியலே அவர்களிடம் கிடையாது. யாராவது ஒருவர் நாலு சுரம் தட்டுவார். மற்ற மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் இறங்குவார்கள். பட்டியல் ஒட்டாத மேடையில் நான் மிக்சர் பார்த்ததே இல்லை. அடுத்து யாருடைய மைக் ஏறும் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட கவனத்தைக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல வருஷம் அவர்களுக்கு சவுண்ட் பார்த்த ஜோயி பிக்கூரி மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு இதுவே காரணம்.

‘வெயிட்டிங் ரூம்’ என்பது அவர்கள் பாட்டுகளில் பிரபலமானது. பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்கும், டிரம்ஸும் கிட்டாரும் சேரும். சட்டென்று எல்லாம் நின்றுவிடும். சில நொடிக்கு ஒன்றுமே இருக்காது. பிறகு குழு ஒரே அடியில் திரும்ப வரும். ஆல்பத்தில் அந்த இடம் வெறும் மௌனம். மேடைப் பதிவுகளில் அந்தச் சில நொடியில் கூட்டம் கத்துகிறது. ஓர் ஊரில் சின்ன அறை, சுவரில் மோதித் திரும்பும் குரல். இன்னோர் ஊரில் பெரிய கூடம், அலையாக எழுந்து தேய்கிறது. அந்த இடைவெளியை மட்டும் கேட்டே அறை எவ்வளவு பெரிது, எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

அந்தக் கூட்டம் சாதுவானது இல்லை. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஆடுவது, மற்றவர் தலைக்கு மேல் ஏறி உருள்வது எல்லாம் பங்க் நிகழ்ச்சிகளில் சகஜம். வலுத்தவன் ஆட, மற்றவர்களும் பெண்களும் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள். ஃபுகாஸி இதை ஏற்கவில்லை. யாராவது அடுத்தவரை அடித்தால் பாட்டை அப்படியே நிறுத்துவார்கள். மெக்காய் மைக்கில் அந்த ஆளை மரியாதையாகவே கூப்பிட்டு, நிறுத்தச் சொல்வார். கேட்காவிட்டால் வெளியே அனுப்புவார்கள், ஒரு கவரில் ஐந்து டாலரைப் போட்டுக் கொடுத்து! அதற்கென்றே கவர்கள் தயாராக இருக்கும். டிக்கெட் விலை ஐம்பது டாலராக இருந்து, அதில் பாதி வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்திருந்தால் மேடையில் நிற்பவர் இப்படிச் செய்ய முடியுமா? எங்கள் ஊர் மேடைகளில் முன்வரிசையில் ரகளை செய்பவரிடம் வாய் திறக்க முடியாமல் பாடகர்கள் நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுடைய சம்பளம் அந்த முன்வரிசையிலிருந்துதான் வரும்.

சொந்த ஊரான வாஷிங்டனில் அவர்கள் வாசித்தவை பெரும்பாலும் இலவச நிகழ்ச்சிகள், அல்லது ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டியவை. பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்பு அவற்றில் பலவற்றை ஏற்பாடு செய்தது. 1991 ஜனவரி 12-ந் தேதி, வளைகுடாப் போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில், குளிரில், போர் வேண்டாம் என்று திறந்தவெளியில் வாசித்தார்கள். லார்ட்டன் சிறைக்குள் கைதிகளுக்காகவும் வாசித்தார்கள். ஜெம் கோஹன் எடுத்து 1999-ல் வெளியான ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்ற ஆவணப்படத்தில் இந்தக் காட்சிகள் இருக்கின்றன. அதிலேயே இன்னொரு காட்சி: ஜிம்னாசியத்தில் நடக்கும் நிகழ்ச்சி ஒன்றில் பிச்சோட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள் கால்களை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாடுகிறார். பார்த்த எனக்கு வயிறு கலங்கியது. பாட்டு மட்டும் பிசகவில்லை.

அவர்கள் சின்ன வட்டத்துக்குள் முடங்கிய குழு என்று நினைத்துவிடாதீர்கள். 1993-ல் வந்த ‘இன் ஆன் த கில் டேக்கர்’ ஆல்பம், அமெரிக்காவில் விற்பனையில் முந்தும் ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலில் இடம்பிடித்தது. நிர்வாணா என்ற ராக் குழு வெற்றி பெற்ற பிறகு பெரிய கம்பெனிகள் பங்க் குழுக்களை வலை போட்டுத் தேடிய காலம் அது. அந்த வருஷம் நியூயார்க் ரோஸ்லேண்ட் அரங்கில் வாசித்தபோது அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸை நிறுவியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்டெகுனே மேடைக்குப் பின்னால் வந்து, தன் கம்பெனியில் சேரச் சொல்லிப் பேசினார். மறுத்துவிட்டார்கள். டி-ஷர்ட் கேட்டு ரசிகர்கள் நச்சரித்தபோதும் மசியவில்லை. கடைசியில் யாரோ வெளியாட்களே, ‘இது ஃபுகாஸி டி-ஷர்ட் இல்லை’ என்று அச்சடித்து விற்றார்கள்.

2001-ல் ‘தி ஆர்கியுமென்ட்’ வந்தது. என் காதுக்கு அவர்களுடைய மிகச் சிறந்த ஆல்பம் அதுதான். அதிலும் மேடையிலும் ஜெர்ரி புஷர் இரண்டாவது டிரம்ஸ் வாசித்தார், ஆரம்பத்தில் சாமான் தூக்கிக் கட்டிய ஆள் அவர். 2002 நவம்பர் 4, லண்டன் ஃபோரம் அரங்கம். அதன் பிறகு நால்வரும் சேர்ந்து பொதுமேடை ஏறவில்லை. குடும்பம், குழந்தைகள் என்று ஆகிவிட்டது. மாதக்கணக்கில் வேனில் சுற்றி, நாள் முழுக்க ஒத்திகை பார்த்து, எதையும் அடுத்தவரிடம் ஒப்படைக்காமல் நடத்துகிற குழுவை அரைகுறையாக நடத்த முடியாது. கலைத்துவிட்டோம் என்று அறிவிக்கவும் இல்லை, பழைய பெயரை வைத்துப் பெருந்தொகைக்கு மறுபடி மேடை ஏறவும் இல்லை.

அவர்களுடைய சவுண்ட் ஆட்கள் நிகழ்ச்சிகளை முதலில் கேசட்டிலும் பின்னர் டிஜிட்டல் டேப்பிலும் பதிவு செய்து வைத்திருந்தார்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட அந்தப் பதிவுகளை 2011 டிசம்பரிலிருந்து டிஸ்கார்ட் படிப்படியாக வெளியிட ஆரம்பித்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, இடம், எத்தனை பேர் வந்தார்கள், வாசலில் டிக்கெட் என்ன விலை, யார் பதிவு செய்தது என்று விவரம் போட்டிருக்கிறார்கள். அப்போது பதிவுக்கும் ஐந்து டாலர்தான் சொன்னார்கள். முடியாதவர் ஒரு டாலர் கொடுத்தும் வாங்கிக்கொள்ள முடிந்தது, மனமிருந்தவர் நூறு வரை கொடுக்க முடிந்தது. 1987 செப்டம்பர் 3-ந் தேதி வாஷிங்டனின் வில்சன் சென்டரில் நடந்த முதல் நிகழ்ச்சியும் அதில் இருக்கிறது. பிச்சோட்டோ அப்போது குழுவில் சேரவில்லை. மூவர்தான் வாசிக்கிறார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘13 சாங்ஸ்’ தொகுப்பில் தொடங்கலாம். பிறகு மேடைப் பதிவு ஏதாவது ஒன்று, எந்த ஊராக இருந்தாலும் சரி. பாட்டுகளுக்கு நடுவே உள்ளதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கிட்டார் சுருதி சேர்ப்பதும், முன்னால் நசுங்கும் ஆட்களுக்காக எல்லாரும் ஓரடி பின்னால் போகச் சொல்வதும், கூட்டத்தில் ஒருவர் கத்திக் கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்வதும் எதையும் வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.